கொல்லம் முதல் வைக்கம் வரை: செவலைக்காக ஒரு படகைச் செப்பனிட்டோம்

22 அடி நீளம், ஆறடிக்குச் சற்றே குறைந்த அகலம், தட்டை அடி. மீன்பிடித் தொழிலில் ஓடி ஓய்ந்த ஃபைபர் வள்ளம் ஒன்று அஷ்டமுடிக் காயலோரத் (காயல் என்றால் கடலோர உப்பங்கழி) தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. நால்வர் பணம் போட்டு வாங்கினோம். அண்ணாச்சி நாகர்கோவிலில் கடை வைத்திருப்பவர். மாஷ் ஆலப்புழைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், நீர்வழியின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர். மூன்றாமவர் டீசல், பெட்ரோல் இரண்டும் பழகிய மெக்கானிக். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகக் கொல்லம் வந்து தங்கிவிட்டவன். ஐந்தாவதாக என் வீட்டு நாய் செவலை. நாட்டு நாய், 18 கிலோ.

கொல்லத்திலிருந்து வடக்கே கோட்டப்புரம் வரை போகும் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-இல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. கடலுக்கு இணையாக, பல இடங்களில் அலையோசை கேட்கும் தொலைவில், காயல்களையும் தோடுகள் எனப்படும் சிறு கால்வாய்களையும் கோத்துக்கொண்டு 168 கிலோமீட்டர் செல்கிறது. சம்பக்கரை, உத்யோகமண்டல் கிளைகளையும் சேர்த்தால் 205 கிலோமீட்டர். அதில் வைக்கம் வரை நிதானமாகப் போய்வர வேண்டும், செவலையை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. எங்கள் திட்டம் இவ்வளவுதான்.

நாய் வருகிறது என்று முடிவானதுமே வேலைப் பட்டியல் மாறியது. மனிதன் வழுக்கும் தரையில் கையூன்றிச் சமாளிப்பான், சுடும் விளிம்பில் துண்டை விரித்து உட்காருவான், ஏணியில் தொற்றி ஏறுவான். நாய்க்கு இவை எதுவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வேலையிலும் செவலைக்கு இது ஒத்துவருமா என்று முதலில் கேட்டோம். அவளுக்கு ஒத்துவந்தவை எல்லாம் அறுபதைக் கடந்த அண்ணாச்சியின் முழங்காலுக்கும் ஒத்துவந்தன.

பின்பலகை

ஃபைபர் படகு வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எஞ்சின் தொங்கும் பின்பலகையை. வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் மரம். எஞ்சின் ஆணி போன துளை வழியாகத் தண்ணீர் கசிந்து அந்த மரத்தை ஊறவைக்கிறது. வெளித்தோல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போயிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. சிறிய சுத்தியலின் கைப்பிடி முனையால் ஓரம் தொடங்கி நடுவரை தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் மந்தமாகப் பேசும். எங்கள் படகில் கீழ்ப்பாதி முழுவதும் மந்தம். உள்பக்கத்திலிருந்து 6 மி.மீ. துளை போட்டுப் பார்த்தோம். வெளிவந்த மரத்தூள் கறுத்து, விரலால் பிழிந்தால் நீர் விட்டது. அப்புறம் தயங்க எதுவும் இல்லை, முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

குளச்சல் பக்கம் ஃபைபர் வேலை செய்து பழகிய ஒருவரை அண்ணாச்சி அழைத்து வந்தார். குமரிக் கடற்கரையில் ஃபைபர் படகு கட்டுவதும் ஒட்டுவதும் அன்றாடத் தொழில். அவர் கிரைண்டர் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டோம். வெளித்தோலைத் தொடாமல் உள்தோலை மட்டும் சுற்றிலும் வெட்டி எடுத்தார். உள்ளே இருந்த பிளைவுட் உளிக்கு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. சுரண்டி முடித்தபின் தார்ப்பாய் நிழலில் திறந்தே போட்டு, நன்றாக உலரும் வரை எதையும் ஒட்டவில்லை. ஈரத்தின் மேல் ஒட்டிய ரெசின், அதாவது ஃபைபரை இறுக்கும் பசை, தாங்காது. அவசரப்படுவதற்கு இந்த வேலையில் இடமே இல்லை.

புதிய மரமாக ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் வாங்கினோம். 18 மி.மீ. தகடு இரண்டைச் சேர்த்து ஒட்டினால் 36 மி.மீ. அதோடு இரு பக்கத் தோலும் சேர எஞ்சினின் கவ்விக்குச் சரியான தடிமன். வீட்டு அலமாரிக்கு வாங்கும் பிளைவுட்டை இங்கே வைப்பவர்கள் உண்டு. இரண்டு மழைக்காலம் தாங்காத வேலை அது. வெட்டிய விளிம்புகளையும் துளைகளின் உள்சுவரையும் ரெசின் குடிக்கவிட்டு அடைத்த பிறகே பலகையை உள்ளே பொருத்தினோம்.

ஆணித் துளைகளுக்குத் தனி மரியாதை செய்தோம். 8 மி.மீ. ஆணிக்கு முதலில் 14 மி.மீ. துளை போட்டு, அதை எபாக்சிப் பசையால் முழுக்க நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 8 மி.மீ. துளை. இப்போது ஆணியைச் சுற்றி எங்கும் மரம் இல்லை, எபாக்சிதான் இருக்கிறது. நாளை அடைப்பான் பசை விட்டுப்போனாலும் நீர் மரத்தைத் தொடாது.

எபாக்சியும், ஃபைபர் படகைக் கட்டும் பாலியெஸ்டர் ரெசினும் எந்த வரிசையில் வருகின்றன என்பது முக்கியம். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே பாலியெஸ்டர் அடுக்குகளை எல்லாம் முடித்துவிட்டு, துளை நிரப்பும் எபாக்சி வேலையைக் கடைசியில் வைத்தோம்.

அடிப்பாகத்து ஓட்டை

இடப்பக்க அடியில், அணியத்திலிருந்து (படகின் முன்முனை) ஆறடி தள்ளி, உள்ளங்கை அளவுக்கு ஓர் உடைசல். யாரோ சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். அதை உடைத்து எடுத்துவிட்டு, சுற்றிலும் சாய்வாகத் தேய்த்தோம். தோலின் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வு இருக்க வேண்டும். 6 மி.மீ. தடிமன் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளங்கை அளவு ஓட்டைக்கு ஒரு பெரிய தாம்பாளம் அளவு இடத்தைத் தேய்ப்பது வீண் என்று தோன்றலாம். ஆனால் ஒட்டு தாங்குவது அந்தச் சாய்வின் பரப்பில்தான்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட், அதே பரப்புக்கு ஒரு கிலோ ரெசின் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். கொல்லத்துப் பகல் வெயிலில் 10 கிராமே போதும், அதற்கே இருபது நிமிடத்தில் டப்பாவில் இறுகத் தொடங்கிவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்திவிடுவது எங்கள் வழக்கமானது. ஒரே நேரத்தில் அரைக் கிலோவுக்கு மேல் கலக்கக் கூடாது. பெரிய டப்பாவில் இறுகும் ரெசின் புகையும் அளவுக்குச் சூடேறும்.

எச்சரிக்கை ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூட வேண்டாம். கிரைண்டர் ஓடும்போது கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஃபைபரின் கண்ணாடியிழைத் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும், நுரையீரலில் ஏறினால் அரிப்போடு போகாது. செவலையை அந்த நாட்களில் தோப்புப் பக்கமே அழைத்துவரவில்லை. நாய் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, ரோமத்தில் படிந்த தூள் நேரே வயிற்றுக்குப் போகும்.

மிதவை

மரப்படகு நீர் நிறைந்தாலும் மிதக்கும். ஃபைபர் நீரைவிடக் கனமானது, நிறைந்தால் மூழ்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாஷ் கரும்பலகைக்கே போய்விட்டார். வெறும் உடல் ஏறத்தாழ 300 கிலோ, ஃபைபரின் அடர்த்தி நீரைப்போல் ஒன்றரை மடங்கு. எனவே மூழ்கிய நிலையில் அது 200 லிட்டர் நீரை விலக்கும், 100 கிலோ பாரம் மிஞ்சும். எஞ்சின், பேட்டரி, நங்கூரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 50. ஆக 150 கிலோவைத் தூக்கிப்பிடிக்க 150 லிட்டர் நுரை வேண்டும். 60 × 40 × 25 செ.மீ. அளவில் நான்கு கட்டிகள் வைத்தோம், மொத்தம் 240 லிட்டர். மிச்சமுள்ள 90 கிலோ, விளிம்பைப் பிடித்துத் தொங்கும் நால்வருக்குத் தாராளம். நீருக்குள் கிடக்கும் மனிதனின் தலையை மேலே நிறுத்தச் சில கிலோ தாங்குதலே போதும்.

தெர்மாகோல் மலிவு. ஆனால் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டால் கண்முன்னே கரைந்து காணாமல்போகும். ஆகவே பாலியூரித்தேன் நுரை வாங்கினோம். அவற்றைத் தரைக்கடியில் வைக்காமல், இரு பக்க இருக்கைகளின் உள்ளே, முடிந்தவரை விளிம்பை ஒட்டி உயரத்தில் அடைத்தோம். மிதவை அடியில் இருந்தால் நீர் நிறைந்த படகு குப்புறக் கவிழும். பக்கங்களில் உயரமாக இருந்தால் நிமிர்ந்தே நிற்கும்.

தரை

இதுதான் செவலையின் தனி வேலை. பழைய தரை வழவழப்பானது. நனைந்தால் நாயின் நான்கு காலும் நான்கு திசையில் போகும். அப்படி இரண்டு முறை சறுக்கிய நாய் அதன்பின் படகில் நிற்கவே நடுங்கும், அந்தப் பயம் எளிதில் போகாது. மீன்பிடிப் படகுகளில் பெயின்ட்டின் மேல் மணல் தூவுவார்கள். பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க நின்றும் திரும்பியும் படுத்தும் இருக்கும் பாதத்தை மணல் அறுத்துவிடும்.

குளச்சல்காரர் சர்க்கரை முறையைச் சொன்னார். மெழுகு கலந்த மேல்பூச்சைத் தரையில் உருளையால் பூசி, ஈரமாக இருக்கும்போதே பருமனான சர்க்கரையைச் சீராகத் தூவிவிட வேண்டும். பூச்சு இறுகியபின் வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் சர்க்கரை கரைந்து போய்விடும். அது இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்கள். கையால் தடவினால் உறுத்தாது, கால் வைத்தால் வழுக்காது. எறும்பு வருமே என்று அண்ணாச்சி கவலைப்பட்டார். மிச்சமில்லாமல் கழுவியதால் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு மலிவான, இவ்வளவு நல்ல யோசனையை நான் வேறெந்த வேலையிலும் பார்த்ததில்லை.

நிறம் வெளிர் சாம்பல். அடர் நீலம் அழகுதான், நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். தரையின் மேல் கழற்றி எடுக்கக்கூடிய தென்னைநார்க் கயிற்றுப் பாய் இரண்டு. கொல்லத்தில் கயிற்றுக்குப் பஞ்சமா? நனைத்துப் போட்டால் அரைமணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

ஏறி இறங்க, ஐந்தடிப் பலகையில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, மேலே கயிற்றுப் பாய் ஒட்டிச் சாய்வுப் பலகை ஒன்று. கரையில் வைத்து அதில் ஏற்றி இறக்கிப் பழக்கினோம், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு துண்டு கருவாடு. நீரில் விழுந்தால் தூக்க, முதுகில் கைப்பிடியுள்ள உயிர்காப்பு அங்கி. வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறத்தையல்ல, அந்தக் கைப்பிடியின் தையலை. அங்கியை மாட்டி, கைப்பிடியைப் பிடித்து நாயை முழுதாகத் தரையிலிருந்து உயர்த்திப் பார்த்தோம். தையல் முனகாமல் நின்றது. அதன்பின் ஆழமில்லாத இடத்தில் அவளை நீந்தவிட்டு, எஞ்சினை முழுக்க அணைத்துவிட்டு, பக்கவாட்டில் குனிந்து தூக்கும் பயிற்சி. நாயோ மனிதரோ நீரில் இருக்கும்போது படகைத் தள்ளும் எஞ்சின் விசிறி (புரொப்பெல்லர்) சுற்றக் கூடாது. கியரை நடுவில் போட்டது போதும் என்று நினைப்பது ஆபத்து.

நிழலுக்கு அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே வெளிர்நிறத் துணிக்கூரை. உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம் மட்டுமே. கூரை உயர உயரக் காற்று பிடிக்கும், தோட்டு நடைபாலங்களும் இடிக்கும். இரண்டு கொக்கிகளை எடுத்தால் மடங்கிப் படுத்துவிடும்.

எஞ்சின்

9.9 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பின்பலகைக்கு வெளியே தொங்கும் எஞ்சின். வேகத்துக்குப் பத்தாது, எங்களுக்கு மணிக்கு எட்டுப் பத்துக் கிலோமீட்டர் போதும். நான்கு ஸ்ட்ரோக்கைத் தேர்ந்ததற்கு எரிபொருள் சிக்கனத்தைவிடச் சத்தமே பெரிய காரணம். நாயின் காது நம்முடையதைவிடப் பலமடங்கு கூர்மை. இரண்டு ஸ்ட்ரோக்கின் அலறலில் அவளை மணிக்கணக்கில் உட்காரவைப்பது கொடுமை.

எஞ்சின் உயரத்தில் கவனம் வேண்டும். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் விசிறி காற்றை விழுங்கிக் கத்தும், மிகவும் கீழே போனால் இழுவை கூடும், ஆழமற்ற காயலில் சேறும் கிளறும்.

மெக்கானிக் முதலில் கழற்றியது தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை. இலைகள் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே விறைத்திருந்தன. வெளியே நீர் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது, என்றாலும் மாற்றினார். ஓர் இலை உடைந்து உள்ளே போனால் நீர்ப்பாதையில் சிக்கி எஞ்சினையே காய்ச்சிவிடும். எஞ்சினின் உலோகம் அரிபடாமல் அதற்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகத் தேய்கட்டியை எடுத்துவிட்டு அலுமினியக் கட்டி போட்டார். இந்த வழியில் உப்புநீரும் நன்னீரும் மாறி மாறி வரும், இரண்டிலும் வேலை செய்வது அலுமினியம். அந்தக் கட்டிக்குப் பெயின்ட் அடித்துவிடக் கூடாது, அது கரைவதற்காகவே அங்கே இருக்கிறது.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தொட்டியில் கிடக்கக் கிடக்க நீர் சேர்ந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். அதனால் குழாய்வழியில் நீர்பிரிக்கும் ஃபில்டர் ஒன்று பொருத்தினோம். வாங்கிய பெட்ரோலைச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது என்றும் வழக்கம் வைத்தோம். ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டும் சிவப்பு நிறுத்தக் கயிறு இல்லாமல் எஞ்சினைக் கிளப்புவதில்லை என்பது மெக்கானிக் போட்ட சட்டம், அவரும் அதற்கு விலக்கில்லை.

பதிவு, பரிசோதனைச் சான்று, காப்பீடு முதலியவற்றை முறைப்படி வாங்கினோம். பொழுதுபோக்குப் படகுதானே என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

செவலைக்கான ஏற்பாட்டில் மருத்துவர் வலியுறுத்தியது எலிக்காய்ச்சல் தடுப்பூசி. ஆலப்புழையைச் சுற்றிய தாழ்நில வயற்பகுதியான குட்டநாட்டின் நீர்நிலைகளில் அந்த நோய் மனிதருக்கும் நாய்க்கும் வழக்கமான ஆபத்து. எங்களுக்கான தடுப்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொண்டோம். குடிக்க நல்ல நீர், அவளுக்கென்று மட்டும் நாளைக்கு இரண்டு லிட்டர். தாகத்தில் காயல் நீரைக் குடித்தால் உப்பு வயிற்றைக் கலக்கும். இயற்கை உபாதைக்கு அணியத்தில் ஒரு கயிற்றுப் பாயில் புல்கட்டி பரப்பி வைத்தோம். வீட்டு முற்றத்திலேயே அதை வைத்துப் பழக்கியதால் படகில் தயக்கமின்றிப் போனாள். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நாய் அடக்கிக்கொண்டே துன்பப்படும், நமக்குத் தெரியவும் தெரியாது.

நீரில்

ஜனவரியில் புறப்பட்டோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காலைகள் தெளிவாக இருக்கும் காலம். கொல்லம் ஜெட்டியை விட்டு அஷ்டமுடியைக் கடந்து சவறா வழியாக வடக்கே திரும்பியதும் வழி குறுகியது. தேங்காய் மட்டை ஊறும் குழிகளின் வாடை எங்களுக்கு மூக்கைச் சுளிக்கவைத்தது. செவலைக்கோ அது திருவிழா. அணியத்தில் நின்று மூக்கை நிமிர்த்தியபடியே வந்தாள். சர்க்கரைத் தரை அங்கேயே தன் மதிப்பைக் காட்டிவிட்டது. எதிரே வந்த பெரிய படகின் அலையில் நாங்கள் நால்வரும் எதையாவது பிடித்தோம், அவள் கால் பெயரவில்லை.

காயங்குளம் காயலில் வேகம் தானாகக் குறைந்தது. ஊன்று வலைக் கம்புகள் வழியெங்கும் நிற்கின்றன, சில நீர்மட்டத்துக்கு அரையடி கீழே முறிந்து ஒளிந்திருக்கின்றன. இரண்டு கம்பு வரிசைக்கு நடுவே வலை இருக்கிறதா, வழி இருக்கிறதா என்பதை மாஷ் தூரத்திலிருந்தே சொன்னார். சந்தேகம் வந்தால் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் ஊன்றிப் போனோம். அந்த வலை ஒரு குடும்பத்தின் சோறு. நம் விசிறி அதை அறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதில் அர்த்தமில்லை.

திருக்குன்னப்புழை நீர்ப்பூட்டில் காத்திருந்தோம். இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீர்மட்டத்தை மாற்றி மறுபக்கம் விடும் அறை அது. உப்புநீர் வயல்பக்கம் ஏறாமல் தடுப்பவையும் அந்தக் கதவுகளே. உள்ளே நுழைந்ததும் கயிற்றைக் கரை வளையத்தில் கட்டிவிடாமல், சுற்றி மட்டும் எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நீர்மட்டம் மாறும்போது கட்டிய கயிறு படகைத் தொங்கவைத்துவிடும். செவலையை நடுவில் படுக்கவைத்து மாஷ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு வடக்கே பல்லனை. 1924 ஜனவரி 16 அன்று கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கி வந்த ‘ரிடீமர்’ படகு இங்கேதான் கவிழ்ந்தது. மலையாளக் கவி குமாரன் ஆசான் அதில் உயிரிழந்தார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 மே மாதம், தானூரில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோதும் கூட்டநெரிசல்தான் பேச்சு. பல்லனையில் ஆசான் நினைவிடக் கரையில் படகை நிறுத்தி இறங்கி நின்றோம். எங்கள் படகில் ஐந்து உயிருக்கு மேல் ஏறுவதில்லை, கனமான தண்ணீர்க் கேன்கள் எப்போதும் தரையில், கூரைமேல் ஒரு துணிப்பைகூடக் கிடையாது. மாஷின் உறவினர் இருவர் ஆலப்புழைவரை வருகிறோம் என்று ஜெட்டியில் கேட்டபோது, அவரே முடியாது என்று சொல்லிவிட்டார்.

குட்டநாட்டில் எதிர்பாராத சோதனை வாத்துகள். சாரா, செம்பல்லி வகை வாத்துகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு ஒருவர் சிறு வள்ளத்தில் வந்தார். நீர்ப்பரப்பே நகர்வதுபோல இருந்தது. செவலையின் உடம்பு முழுதும் விறைத்தது. மார்புவாரில் கோத்த குட்டைக் கயிறு தரை வளையத்தில் இருந்ததால் பாய முடியவில்லை. கழுத்துப்பட்டையில் கட்டியிருந்தால் பாய்ந்த வேகத்தில் விளிம்புக்கு வெளியே தொங்கியிருப்பாள். படகில் நாயைக் கழுத்தில் கட்டுவது கூடவே கூடாது. எஞ்சினை அணைத்துக் கரையோரம் ஒதுங்கினோம். வாத்துக்காரர் கையசைத்துவிட்டுப் போனார்.

தோடுகளில் அலை எழுப்பாமல் ஓட்டுவதும் ஒரு கலை. வயல் இங்கே நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, மண்வரப்புதான் காவல். நம் அலை ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் அரிக்கும். படித்துறைகளில் பாத்திரம் கழுவுகிறார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். பின்னால் திரும்பிப் பார்த்து, நம் அலை கரையில் மோதி நுரைத்தால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆலப்புழையில் புன்னமடைக்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரை வழியை அடைத்திருந்தது. உப்பு ஏறினால் வாடிப்போகும் செடி இது. தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970-களில் கட்டப்பட்டபின் கோடையில் கடல்நீர் தெற்கே வருவது நின்றது, நெல்லுக்கு நன்மை, ஆகாயத்தாமரைக்கும் கொண்டாட்டம். அதன் வேர்க்கொத்து விசிறியில் சுற்றியதைவிட, நீர் உறிஞ்சும் துளைகளை அடைத்ததுதான் கவலை. எஞ்சினின் பக்கத்தில் பீய்ச்சும் நீர் மெலிந்ததைக் கண்டு மெக்கானிக் உடனே அணைத்தார். எஞ்சினைத் தூக்கி, அரிவாளால் வேரை அறுத்து, துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிட்டார். மீண்டும் கிளப்பியதும் நீர் பழைய வேகத்தில் பீய்ச்சியது. மெல்லிய படலத்தில் சிக்கினால் சற்றுப் பின்னோக்கி ஓட்டினாலே சுற்றியது அவிழும். அடர்த்தியான இடத்தில் அணைத்துவிட்டுக் கழிதான்.

வேம்பநாட்டுக் காயலைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்று மாஷ் பிடிவாதமாக இருந்தார், சரியான பிடிவாதம். அகன்ற, ஆழமற்ற நீர். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் நெருக்கமாக வரும், தட்டை அடிப் படகை அறைந்துகொண்டே இருக்கும். 2002 ஜூலையில் முகம்மையிலிருந்து குமரகம் போன பயணிப் படகு மூழ்கி 29 பேர் இறந்ததும் இந்தக் காயலில்தான். விடியலில் கிளம்பி, பாதிராமணல் தீவுக்கு மேற்கே ஒதுங்கி, வெயில் ஏறும் முன்பே தண்ணீர்முக்கத்தை அடைந்தோம். அணையின் தெற்கே நீரை நாவில் வைத்தால் கிட்டத்தட்ட நன்னீர், வடக்கே நல்ல உப்பு. அலுமினியக் கட்டியைத் தேர்ந்ததற்கு மெக்கானிக் அங்கே ஒரு தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வைக்கம் ஜெட்டியில் சூரியஒளிப் படகு ஒன்று சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. 2017-இல் தவணக்கடவுக்கும் வைக்கத்துக்கும் இடையே ஓடத்தொடங்கிய ‘ஆதித்யா’. செவலை அதைக் கண்டு குரைக்கவில்லை, காதை மட்டும் திருப்பினாள். மற்ற எல்லாப் படகுக்கும் குரைத்தவள். ஒரு நாள் இந்தப் படகிலும் மின்மோட்டார் போட வேண்டும் என்று மெக்கானிக்கும் நானும் அந்த இடத்திலேயே பேசத் தொடங்கிவிட்டோம்.

அண்ணாச்சிக்கு வைக்கம் வந்ததன் நோக்கம் வேறு. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு 1924-இல் நடந்த போராட்டத்தில் பெரியார் இங்கே வந்து சிறைப்பட்டார். புதுப்பிக்கப்பட்ட அவரது நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அண்ணாச்சியும் மாஷும் உள்ளே போய் நெடுநேரம் இருந்தார்கள். நானும் மெக்கானிக்கும் முறைவைத்துச் செவலையோடு வெளியே நிழலில் இருந்தோம்.

திரும்பி வந்து படகைக் கரையேற்றியபின் பார்த்தவை. பின்பலகையைச் சுத்தியலால் தட்டினோம், எங்கும் கணீர். ஒட்டுப்போட்ட அடியில் மயிரிழை வெடிப்பும் இல்லை. சர்க்கரைத் தரை அணியத்தில், செவலை வழக்கமாகத் திரும்பிப் படுக்கும் இடத்தில் மட்டும், சற்றுத் தேய்ந்திருக்கிறது, மழைக்கு முன் இன்னொரு பூச்சு. நீர்பிரிக்கும் ஃபில்டரின் அடியில் ஒரு தேக்கரண்டி நீர் சேர்ந்திருந்தது, அதை மாற்ற வேண்டும். சாய்வுப் பலகை ஐந்தடி என்பது தாழ்ந்த படகுத்துறைக்குச் சரி, வைக்கம் போன்ற உயர்ந்த ஜெட்டிக்குச் செங்குத்தாகிவிடுகிறது. ஏழடியில், நடுவில் கீல் வைத்து மடங்கும்படி புதிதாக ஒன்று செய்ய ஆஞ்சிலி மரப் பலகைக்குச் சொல்லியிருக்கிறேன்.